மூப்பர் மன்னித்தார்

எங்கள் ஊர்ச் சபைப் புத்தகத்தில் இந்த விவகாரம் சில வரிகள்தான். பால்கிர்னி சபை, 1740, பிப்ரவரி. யூபன் லோரிமர் என்ற விதவை, அடுப்பில் சமைக்கக் கூடாத ஓய்வுநாளில், பிரசங்க நேரத்தில் இறைச்சி வேகவைத்தாள். விசாரித்தபோது மூப்பர் பாட்ரிக் டூரியும் அதில் சாப்பிட்டார் என்று அவதூறு சொன்னாள். சபையார் முன் நாக்கைப் பிடித்துப் பொய்யை ஒப்புக்கொண்டாள். மூப்பர் மன்னித்தார். எழுதிய வாத்தியாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

யூபன் பொய் சொல்லவில்லை. மூப்பர் சாப்பிட்டார். ஒரு கிண்ணம் அல்ல, இரண்டு.

பிரசங்கம் தொடங்கியதும் இரண்டு மூப்பர்கள் எழுந்து வெளியே போவது அன்றைய வழக்கம். கோயிலுக்கு வராமல் யார் வீட்டில் படுத்துக் கிடக்கிறார்கள், யார் பீர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். இருவராகவே போக வேண்டும். மூப்பரானாலும் ஒற்றை ஆளின் சொல்லை நம்பக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது. அந்த ஞாயிறு பாட்ரிக் டூரியின் முறை. கூட வந்தவர் நினியன் கெய்ர்ட், கொல்லர், வாய் ஓயாதவர்.

அந்த வருடத்துக் குளிரைப் போல ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஆலைச் சக்கரம் பனியில் இறுகி நின்றுவிட்டது. ஆடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. ஓடையருகே வந்ததும் நினியன் நின்றார்.

"சேந்து போனா சேந்துதான் விறைப்போம். நீ மேட்டு வீடுங்களப் பாத்துட்டு வா. நான் பீர்க்கடைப் பக்கம் போறேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போகணும்னு இருக்கு, நினியன்."

"அந்த விதிய எழுதினவன் கணப்புப் பக்கத்துல காலை நீட்டிக்கிட்டு எழுதியிருப்பான். போப்பா."

நினியனுக்குப் பீர்க்கடையில் என்ன வேலை என்று பாட்ரிக்குக்குத் தெரியும். மேட்டில் ஏறினார்.

யூபனின் வீட்டுக் கூரையில் புகை தடித்து எழுந்துகொண்டிருந்தது. குளிர்காய்வதற்கு நெருப்பு வைத்துக்கொள்ளலாம், அது குற்றமில்லை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கமே கறி வாசனை அடித்தது. பாட்ரிக் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் தள்ளினார். கண்டிக்கத்தான் போனார். அதில் சந்தேகமில்லை.

யூபன் ஆளி நார் நூற்றுப் பிழைப்பவள். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் செத்து வெகுகாலம். பானை முன் குந்தியிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"மூப்பரே, என்ன கேக்கணுமோ கேளுங்க. கதவ மட்டும் சாத்திட்டுக் கேளுங்க. குளிர் உள்ள வருது."

அவர் சாத்தினார்.

"யூபன், இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"தெரியும். ஞாயித்துக்கிழம. நேத்து சனிக்கிழம, நேத்து எரிக்க ஒரு கரிமண் கட்டி கிடையாது. சாயங்காலம் இருட்டுனப்புறம்தான் மேல்வீட்டுக்காரி நாலு கட்டி குடுத்தா. ஆடு வேலியோரம் செத்துக் கெடந்துது. எனக்கு மூணு நாளா வயித்துல சூடா எதுவும் போகல. இனி நீங்க சொல்லுங்க."

பாட்ரிக்கின் பார்வை பானைக்குப் போனது. அவருடைய வீட்டில் சனிக்கிழமையே ஓட்ஸ் கஞ்சியைக் காய்ச்சி மேசை இழுப்பறைக்குள் ஊற்றி உறையவிடுவார்கள். ஞாயிறன்று அதைக் கத்தியால் அறுத்துக் கல்லைப் போல மெல்லுவார்கள். அப்படி ஒரு வீட்டின் தலைவர் என்பதால்தான் அவரை மூப்பராக்கினார்கள். பானையில் பார்லியும் கோஸ்கீரையும் ஆட்டுக் கழுத்தும் சேர்ந்து குழைந்துகொண்டிருந்தன. மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க," என்றாள் அவள். "மூக்கு நீலமாயிருச்சு உங்களுக்கு. செத்துக்கித்துத் தொலச்சீங்கன்னா அந்தப் பழியும் என் தலையிலதான் விழும்."

உட்கார்ந்தார். அவள் ஊற்றிக் கொடுத்தாள். முதல் கிண்ணத்தை நாக்கு வெந்துபோகிற அவசரத்தில் குடித்தார். இரண்டாவதை அவராகவே நீட்டி வாங்கினார். எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தார்.

"நான் இங்க ஒண்ணும் பாக்கல," என்றார், எழுந்துகொண்டே.

"நானும் ஒண்ணும் குடுக்கல," என்றாள் யூபன்.

அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டு பக்கமும் சரியான ஒப்பந்தம்.

ஓடையருகே நினியன் காத்திருந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பீர் வாடையை மறைக்க எதையோ மென்றுகொண்டிருந்தார். பாட்ரிக் பக்கத்தில் வந்ததும் மென்றதை நிறுத்தினார்.

"உன் மேல ஆட்டுக்கறி வாசம் அடிக்குதே."

அந்தக் கணத்தில் அவர் எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஆமாம், ஒரு வாய் குடித்தேன், நீ பீர் குடித்தாயே என்றிருந்தால் நினியன் சிரித்துவிட்டு நடந்திருப்பார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள். பாட்ரிக்குக்கு அது தோன்றவில்லை. தாடியில் கொழுப்பு ஒட்டியிருக்குமோ என்றுதான் தோன்றியது.

"யூபன் வீட்டுக்குள்ள போனேன். பானை கொதிச்சுக்கிட்டிருந்துது. நின்னு கண்டிச்சுட்டு வர்றேன். அந்த வாசம்."

"ஓ," என்றார் நினியன். "அப்ப எழுதிக்க வேண்டியதுதான். நமக்கும் ஒரு பேராவது வேணுமில்ல, சும்மா சுத்தினோம்னு ஆயிரக் கூடாது."

வாசனைக்குக் காரணம் சொல்லப்போய் பானையைக் காட்டிக்கொடுத்தார். வாயைத் திறந்து மூடுவதற்குள் நடந்துவிட்டது. பிரசங்கம் முடிந்ததும் நினியன் யூபனின் பெயரைச் சொன்னார், வாத்தியார் எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டில் அவர் மனைவி கிரிசல் கஞ்சித் துண்டை அறுத்து வைத்தாள். பாட்ரிக் அதைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பசிக்கலையா?"

"இல்ல."

"காலையிலயிருந்து பனியில நடந்துட்டு வந்த மனுசனுக்குப் பசிக்கலையாம்." அவள் அருகில் வந்து அவருடைய மேலங்கியை முகர்ந்தாள். பிறகு பேசாமல் போய்த் தன் துண்டைத் தின்றாள். தின்று முடித்த பிறகு சொன்னாள்: "உப்பு போட்டிருந்தாளா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இவ்வளவு வருசமா நானும் ஞாயித்துக்கிழம இந்தக் கல்லத்தான் கடிக்கிறேன். சூடா ஒரு வாய்க்கு நானும் ஏங்கியிருக்கேன். உங்ககிட்ட சொன்னதில்ல, மூப்பராச்சேன்னு."

அடுத்த வாரம் கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை யூபன் வீட்டுக்குப் போய், மூப்பர்கள் கூடி விசாரிக்கும் மன்றத்துக்கு வரச் சொன்னான். யார் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் கேட்டாள். டூரி மூப்பர் பானையைப் பார்த்தாராம் என்றான் அவன். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

மன்றம் கோயிலின் பக்கத்து அறையில் கூடியது. போதகர் மெல்வில் நடுவில். நான்கு மூப்பர்கள் பெஞ்சில். வாத்தியார் ஓரத்தில் பேனாவோடு. மை உறையாமல் இருக்க மைக்கூட்டைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். யூபன் நின்றாள்.

அடுப்பு மூட்டியதை அவள் மறுக்கவில்லை. பானை வைத்தாயா? வைத்தேன். இறைச்சியா? இறைச்சிதான். இதோடு முடிந்திருந்தால் அடுத்த ஞாயிறு இருந்த இடத்திலேயே எழுந்து நின்று ஒரு கண்டனம் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஊரில் பாதிப் பேர் வாங்கியதுதான் அது. ஆனால் போதகருக்கு எதையும் முழுமையாகச் செய்கிற பழக்கம்.

"மூப்பர் வந்து கண்டிச்சப்போ பானைய எறக்கினியா, இல்ல அதுக்கப்புறமும் அடுப்புலயே வச்சிருந்தியா?"

யூபன் பெஞ்சைப் பார்த்தாள். பாட்ரிக் தன் தொப்பியைப் பார்த்தார்.

"கண்டிக்கல ஐயா. ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. எலும்பையும் விடல."

யாரோ மூக்கால் சிரித்து அடக்கினார்கள். நினியனாகத்தான் இருக்கும். போதகரின் முகம் இறுகியது.

"நெதானமாப் பேசு யூபன். நீ சொல்றது ஒரு மூப்பரப் பத்தி."

"அவருதான் முதல்ல பேசினாரு. நான் பேசறதா இல்ல. நீங்க கேட்டீங்க, சொல்றேன்."

"யார் பாத்தா?"

"நான் பாத்தேன். அவரு பாத்தாரு. ஆடு பாக்கல, அது செத்துப்போச்சு."

போதகர் திரும்பினார். "டூரி. இது உண்மையா?"

"இல்ல," என்றார் பாட்ரிக்.

ஒரே சொல். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வாத்தியார் அதை எழுதும்போது பேனா கிறீச்சிட்டது. பானை விவகாரம் அப்போதே சின்ன விஷயமாகிவிட்டது. மூப்பர் மேல் அவதூறு என்பது வேறு கணக்கு. இரண்டு சாட்சி இல்லாமல் எதுவும் நிற்காது, அவளுக்கோ ஒரு சாட்சியும் இல்லை. இரண்டு பேராகப் போக வேண்டியவர்கள் தனித்தனியாகப் போனது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நினியனும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு பழைய தீர்ப்புதான். சபையார் முன் நின்று தன் நாக்கைத் தானே விரலால் பிடித்துக்கொண்டு, 'நாக்கே, நீ பொய் சொன்னாய்' என்று அவள் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் சபை ஏழைகளுக்கு வாரம்தோறும் அளந்து கொடுக்கும் மாவு அவளுக்கு நிற்கும். ஆலை நின்றுபோன காலத்தில், இலையுதிர் காலத்திலேயே வாங்கிப் பெட்டியில் போட்டிருந்த அந்த ஓட்ஸ் மாவுதான் ஊரில் இருந்த மாவு. அவளும் அறிவாள், அவர்களும் அறிவார்கள்.

"யோசிச்சுச் சொல்லு," என்றார் போதகர்.

"யோசிக்க என்ன இருக்கு ஐயா. நாக்குக்கும் சோறு போடணுமில்ல," என்றாள் யூபன்.

இடையில் ஒரு வாரம் இருந்தது. பாட்ரிக் நான்கு நாள் மாட்டுத் தொழுவத்திலேயே சுற்றினார். ஐந்தாம் நாள் போதகர் வீட்டுக்குப் போனார். ஒப்புக்கொள்வதற்காகத்தான் போனார். வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். போதகர் கணப்பருகே நாற்காலியைக் காட்டினார்.

"ஐயா, யூபன் விசயம்."

"சொல்லும்."

"அன்னைக்கு நான் உள்ள போனப்போ..." அங்கேயே நின்றுவிட்டது. "பானையில இருந்தத நான் ஒரு வாய் வாயில வச்சிருக்கலாம்."

வைத்திருக்கலாம் என்றார். வைத்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் ஒரு வாயாகச் சுருங்கிவிட்டது.

போதகர் நெருப்பைக் கிளறினார். ரொம்ப நேரம் கிளறினார். முட்டாள் இல்லை அவர்.

"கறிதானா, வெறும் கீரையான்னு தெரிஞ்சுக்க ஒரு வாய் பாத்தீரு. அப்படித்தான?"

"ஐயா?"

"ஓய்வுநாள்ல இறைச்சி வேகவச்சான்னு சாட்சி சொல்லணும்னா அது இறைச்சிதானான்னு தெரியணும். ருசி பாக்காம எப்படித் தெரியும்? அது சாட்சியோட பாகம். அதப் போயி 'சாப்பிட்டாரு'ன்னு சொன்னா அவதூறுதான்."

பழியிலிருந்து வெளியே போகும் கதவு திறந்து கிடந்தது. பாட்ரிக் அதைப் பார்த்தார். அது பொய்க்குத் திறக்கும் கதவென்றும் அவருக்குத் தெரிந்தது.

"ஆமா ஐயா. ருசி பாக்கத்தான்."

"அப்ப மனச அலட்டிக்காதேயும். போன வருசம் ஒரு மூப்பர விலக்கினதுக்கு ஊர் சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல. இன்னொருத்தரும் போனா இந்த மன்றத்த யாரு மதிப்பா? அவளுக்கு அது கொஞ்ச நேரத்து வெக்கம். கேட்டீரா?"

கேட்டார். திரும்பி நடந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அன்று வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், தான் சந்தோஷமாக இருப்பது அவருக்கு உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தார். கிரிசல் என்னவென்று கேட்கவில்லை.

ஞாயிறன்று கோயில் நிரம்பி வழிந்தது. அந்தக் குளிரில் முந்தைய வாரங்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. அன்று யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பீர்க்கடைக்காரன்கூட வந்திருந்தான்.

பிரசங்க மேடைக்கு முன்னால் யூபன் நின்றாள். போதகர் குற்றத்தைப் படித்தார். அவள் கையுறையைக் கழற்றி, இரண்டு விரலால் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தாள்.

"ஆக்கே, ஈ ஒய் ஒன்ஆய்."

பின் வரிசைகளில் சிரிப்பு வெடித்தது. எதிர்பார்க்க வேண்டியதுதான். நாக்கைப் பிடித்துக்கொண்டு பேசு என்று சொன்ன புண்ணியவான் எவனும் ஒரு தடவை பேசிப் பார்த்திருக்க மாட்டான்.

"சபையாருக்குக் கேக்கல," என்றார் போதகர். "நாக்க விட்டுட்டுச் சொல்லு."

அவள் விட்டாள். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நாக்கே, நீ பொய் சொன்ன."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"குற்றம் சுமத்தப்பட்டவர் வந்து கையப் பிடிச்சு மன்னிக்கட்டும்," என்றார் போதகர்.

இது ஒன்றும் புதிதல்ல. அவதூறு வழக்கு எதுவானாலும் இப்படித்தான் முடியும். திட்டினவளும் திட்டு வாங்கினவளும் கைகோத்து நின்றதைப் பாட்ரிக் பல தடவை பார்த்திருக்கிறார். மூப்பராக நின்று தலையாட்டியிருக்கிறார். ஆனால் அந்த வாரம் முழுவதும் யூபனின் நாக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர், தன் கையைப் பற்றி ஒரு தடவையும் நினைக்கவில்லை.

எழுந்தார். மூப்பர்களின் இருக்கையிலிருந்து மேடைக்கு முன்னால் வருவதற்கு அதிக தூரம் இல்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது. நாக்கைப் பிடித்த ஈரம் இன்னும் இருந்தது.

வாய் திறந்தார். கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை. மன்னிக்க ஒன்றும் இல்லை, நான்தான் சாப்பிட்டேன் என்று சொல்ல அங்கே இடமிருந்தது. ஊரே அதற்கு இடம் விட்டுக் காத்திருந்தது. கிரிசல் மூன்றாம் வரிசையில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யூபன் முகத்தில் கோபம் இல்லை. சந்தையில் மாடு வாங்க வந்தவள் பல்லைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மன்னிக்கிறேன்," என்றார் பாட்ரிக் டூரி.

"நன்றி மூப்பரே," என்றாள் யூபன். கையை உருவிக்கொண்டு கையுறையை மாட்டினாள்.

கிரிசல் அன்று அவருக்கு முன்னால் தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கோயில் வாசலில் மாவு அளக்கும் நாள். அளப்பது பாட்ரிக்கின் பொறுப்பு, வருடக்கணக்காக. பெட்டியைத் திறந்து மர அளவையோடு நின்றார். பெண்கள் பையோடு வரிசையில் நின்றார்கள். யூபன் நடுவில் நின்றாள். அவள் முறை வந்ததும் அவர் அளவையைப் பெட்டிக்குள் ஆழமாக அழுத்தி, கோபுரமாகக் குவித்து எடுத்தார். விளிம்பில் கொஞ்சம் சிந்தியது.

யூபன் பையைத் திறக்கவில்லை. இடது கையை நீட்டி, அளவையின் விளிம்பு மேல் உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பில் இழுத்தாள். குவியல் மொத்தமும் பெட்டிக்குள் விழுந்தது.

"எனக்குள்ளது இவ்வளவுதான்," என்றாள். பிறகு பையைத் திறந்தாள்.

அவர் கொட்டினார். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேட்டுப் பாதையில் போனாள்.

அடுத்து நின்றவள் நெசவுக்காரன் மனைவி. பாட்ரிக் அவளுக்கு விளிம்பு தட்டி, தலை தட்டி, சரியாக அளந்து எடுத்தார். அவள் பையைத் திறந்து வைத்துக்கொண்டு அளவைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மூப்பரே, எனக்கு அந்தக் குவியல் கிடையாதா? நானும் வேணும்னா ஒரு ஆட்டுக்கழுத்த அடுப்புல வைக்கிறேன்."

வரிசை மொத்தமும் சிரித்தது. மெதுவாக, வாயைப் பொத்தாமல். அவருக்குப் பின்னால் கதவோரம் நின்ற கோயில்பிள்ளையும் சிரித்தான். பாட்ரிக் மாவைக் கொட்டினார். குனிந்து அளவையை மறுபடி பெட்டிக்குள் விட்டார். நிமிர நேரம் ஆயிற்று. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.